வெள்ளம் வடிந்த பின் துளிர்க்கும் நெல்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் தென்பெண்ணைக் கரை ஊர்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். வயலைப் பார்த்துவிட்டு முழங்கால் சேற்றோடு வீடு திரும்பும் குடியானவரை, வாசற்படியிலேயே நிறுத்தி வீட்டுக்காரி கேட்கும் கேள்வி அது.

"நுனியாவது தெரியுதா?"

தெரிகிறது என்றால் அடுப்பில் உலை ஏறும். தெரியவில்லை என்றால் பேச்சே இராது. பயிர் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது என்பதே அதன் பொருள். அன்று முதல் குடும்பமே நாட்களை எண்ணத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் வடிந்தால் பயிர் தேறிவிடும். ஒரு வாரம் நின்றால் பெரும் பகுதி போய்விடும். அதற்கு மேலும் நின்றால் விதை, நடவுக் கூலி, அடியுரம் எல்லாம் ஆற்றோடு போன கணக்குத்தான்.

விழுப்புரம் மாவட்டத்தார் இந்தக் கணக்கை 2024-ஆம் ஆண்டு கசப்போடு போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறிய புயல் உடனே விலகிப் போகவில்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டி மீட்டர் மழை பெய்தது. மேற்கேயும் பேய் மழை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அரகண்டநல்லூர், திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரை ஆறு கரை புரண்டது. திருக்கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. வயல்களில் சம்பா நின்றது.

முகையூர் வட்டாரம் இரண்டு விதத் தொல்லைக்கும் பழகியது. ஒரு பக்கம் ஆறு; மறு பக்கம் ஏரிப் பாசனமும் மேட்டுக் காடும். ஒரு வருஷம் ஏரி நிரம்பாமல் வானத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு வருஷம் நிரம்பி உடையாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் நீருக்குள் கிடந்தும் பிழைக்கும் நெல் ஒன்று உண்டு என்றால் யாருக்குத்தான் கேட்க ஆசையிராது?

அப்படி ஒரு நெல் உண்டு. கதையில் அல்ல, கடையிலேயே உண்டு. அது எப்படிப் பிறந்தது, அதை நம்பி எதுவரை போகலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பயிர் ஏன் சாகிறது?

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, அது ஏன் தண்ணீரில் சாக வேண்டும் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. நெல்லின் கால் தண்ணீரில் இருக்கலாம். தலை இருக்கக் கூடாது. இலை காற்றில் நின்றால்தான் பயிர் மூச்சு விடும், வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும். நீருக்குள் காற்று புகுந்து வரும் வேகம், வெளியில் இருப்பதைப் போல் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். கலங்கல் தண்ணீரானால் வெளிச்சமும் இல்லை.

அந்த நேரத்தில் சாதாரண நெல் என்ன செய்கிறது? எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிட வேண்டும் என்று வேகமாக வளரத் தொடங்குகிறது. இதற்கு அதைத் தூண்டுவது 'எத்திலீன்' என்னும் வாயு. இந்த வாயு வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத சரக்கல்ல. மாங்காயை வைக்கோலில் மூடி வைத்தால் சீக்கிரம் பழுக்கிறதே, அதற்குக் காரணம் காயிலிருந்து வரும் இதே எத்திலீன் வெளியே போகாமல் தங்கிவிடுவதுதான். பயிரைத் தண்ணீர் மூடினாலும் அப்படியே. வாயு உள்ளேயே தங்குகிறது. 'ஆபத்து வந்துவிட்டது, ஓடு' என்று பயிருக்குச் சொல்கிறது.

பயிர் ஓடுகிறது. தாளில் சேர்த்து வைத்த மாவுச் சத்தையும் சர்க்கரையையும் செலவழித்து நீளுகிறது. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தால் சரி. வடியாவிட்டால், கையிருப்பு முழுவதையும் வண்டிச் சத்தத்துக்கே கொடுத்துவிட்டு நடுவழியில் நிற்கும் பிரயாணியின் கதிதான் அதற்கும். வெள்ளம் வடியும்போது நீண்டு மெலிந்த தாள் நிற்கத் தெம்பில்லாமல் சேற்றில் சாய்ந்து அழுகுகிறது.

ஒடிசா ஏழையின் சொத்து

எல்லா நெல்லும் இப்படி அவசரப்படுவதில்லை. ஒடிசாவின் தாழ்வான வயல்களில் 'தாலபுட்டியா' என்ற பழைய நெல் ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் அது ஓடுவதில்லை, ஒடுங்கிக்கொள்கிறது. வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இருக்கும் சத்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் கிடக்கிறது. தண்ணீர் வடிந்த பின், மிச்சம் வைத்த சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கிறது.

வெள்ளத்தில் பலமுறை அடிபட்டு, எது பிழைத்ததோ அதிலிருந்து விதை எடுத்து, அதையே மறுவருஷம் விதைத்து, தலைமுறை தலைமுறையாக ஏழைக் குடியானவர்கள் காத்து வந்த சொத்து இது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஞ்ஞானிகள் அந்த நெல்லிலிருந்து நல்ல மணிகளைப் பொறுக்கித் தனி ரகமாக்கினார்கள். 'வெள்ளம் தாங்கும் ரகம்' என்ற பொருளில் அதற்கு 'எப்.ஆர். 13 ஏ' என்று பெயரிட்டார்கள்.

1970-களில் பிலிப்பைன்ஸ் தேசத்தில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைத் தொட்டியில் மூழ்கடித்துப் பார்த்தது. மிகச் சிலவே தேறின. முன்னணியில் நின்றது இந்த ஒடிசா நெல். இலங்கையிலிருந்து போன சில பழைய நெல்களும் தேறின. அவற்றில் ஒன்றின் பெயர் குர்க்கறுப்பன். கறுப்பன் என்ற பெயரே அதன் பூர்வீகத்தைச் சொல்லும்.

சோறு பிடிக்கவில்லை

வெள்ளம் தாங்கும் நெல் கிடைத்துவிட்டது. அதையே எல்லோரும் பயிரிட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். எப்.ஆர். 13 ஏ வெள்ளத்தில் சாகாது. ஆனால் கண்டுமுதல் குறைவு. உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாயும். சோறும் எல்லோருக்கும் பிடிக்கும் சோறல்ல.

அதை நல்ல மாசூல் தரும் நெல்லோடு மகரந்தம் சேர்த்து ஒட்டு ரகம் எடுத்தார்கள். 1980-களிலும் 1990-களிலும் இந்த முயற்சி நடந்தது. பிறந்த பிள்ளைகளில் சில வெள்ளமும் தாங்கின, ஓரளவு விளையவும் செய்தன. ஆனால் தாயின் நல்ல குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. குடியானவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வெள்ளம் ஐந்து வருஷத்தில் இரண்டு முறை வரலாம். சோறு தினம் மூன்று வேளை வேண்டும். சந்தையில் விலை போகாத நெல்லை வெள்ளம் தாங்குகிறது என்பதற்காக மட்டும் யார் பயிரிடுவார்கள்? ஆக, தேவைப்பட்டது புது நெல் அல்ல. மக்கள் விரும்பிச் சாப்பிடும் அதே நெல். அதற்குள் அந்த ஒரே ஒரு குணம் மட்டும் புகுந்திருக்க வேண்டும். வேறொன்றும் மாறக் கூடாது.

அரசமரத்துக்கு எதிர்வீடு

இங்கேதான் 'மரபணு அடையாளம்' என்னும் வித்தை கை கொடுத்தது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம்.

ஒவ்வொரு உயிரின் அணுவுக்குள்ளும் அதன் குணங்களை எல்லாம் எழுதி வைத்த நூல்சுருள் இருக்கிறது. நெல்லுக்கு அது 12 ஜோடிச் சுருள். நிறம், உயரம், மணம், வயது, நோய் தாங்கும் சக்தி எல்லாம் அதில் ஆங்காங்கே எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குணத்துக்கும் உரிய இடமே மரபணு. நெல்லின் சுருள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது 2005-ஆம் ஆண்டில். பல தேசங்கள் பங்கிட்டுக்கொண்ட அந்த வேலையில் இந்தியாவும் ஒரு பகுதியைப் படித்தது.

அந்தப் பெரிய சுருளில் வெள்ளம் தாங்கும் குணம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புது ஊருக்குப் போகிறவர் ஒரு வீட்டைத் தேடுகிறார். கதவு எண் தெரியாது. "அரசமரத்துக்கு எதிர்வீடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மரம் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். மரம் வீடல்ல, வீட்டுக்கு மரம் ஒரு காரியமும் செய்வதில்லை. ஆனால் எப்போதும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. மரபணு அடையாளமும் அப்படியே. வேண்டிய குணத்துக்குப் பக்கத்தில் சுருளில் நிற்கும், எளிதில் கண்டுகொள்ளத் தக்க ஒரு குறி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது, பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே போகும். குறி வந்திருந்தால் குணமும் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். மரம் வெகு தூரத்தில் இருந்தால்தான் ஏமாந்துபோக இடமுண்டு.

1996-ஆம் ஆண்டில், எப்.ஆர். 13 ஏ நெல்லின் வெள்ளம் தாங்கும் குணம் 9-வது சுருளில் இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடத்துக்கு 'சப்-1' என்று பெயர். பத்து வருஷம் கழித்து, 2006-ல், அங்கேயுள்ள மரபணுவையே தனியே அடையாளம் கண்டார்கள். டேவிட் மக்கில், பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகிய விஞ்ஞானிகளின் பெயர்கள் இந்த வேலையோடு சேர்ந்தவை. நீர் மூடும்போது விழித்துக்கொண்டு, 'ஓடாதே, சும்மா இரு' என்று பயிரை அடக்கி வைக்கும் பெரியவர் அந்த மரபணு.

முக்காலே மூன்று வீசம்

அடையாளம் கிடைத்ததும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பழைய வாய்பாடு படித்தவர்களுக்கு இது எளிய கணக்கு.

மக்கள் விரும்பும் நெல்லையும் வெள்ளம் தாங்கும் நெல்லையும் சேர்த்தால், பிறக்கும் பிள்ளையில் இரண்டும் அரை அரை. அந்தப் பிள்ளையை மறுபடி மக்கள் விரும்பும் நெல்லோடு சேர்த்தால், விரும்பிய நெல்லின் பங்கு முக்கால் ஆகிறது. இன்னொரு முறை சேர்த்தால் முக்காலே அரைக்கால். மூன்றாம் முறை சேர்த்தால் முக்காலே மூன்று வீசம். ஒவ்வொரு முறையும் வேண்டாத குணங்கள் கழிகின்றன. ஆனால் வேண்டிய அந்த ஒரு குணமும் அவற்றோடு கழிந்துபோய்விடக் கூடாது. அதுதான் காவல் காக்க வேண்டிய இடம்.

முன்பெல்லாம் இதற்கு ஒவ்வொரு தலைமுறைப் பயிரையும் வளர்த்து, மூழ்கடித்து, பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். இப்போது நாற்றாக இருக்கும்போதே இலையில் ஒரு துண்டு கிள்ளினால் போதும். ஆராய்ச்சிக் கூடத்தில் அதில் குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். குறி இல்லாத நாற்றைத் தள்ளிவிடலாம். குறி உள்ளவற்றிலும், மற்ற இடங்களில் எது விரும்பிய நெல்லை அதிகம் ஒத்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு நாற்றையும் தனித்தனியே பதம் பார்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் இழுக்கும் வேலை இரண்டு மூன்று வருஷத்தில் முடிகிறது.

இம்முறையில் முதலில் மாற்றப்பட்டவற்றுள் ஒன்று, கிழக்கு இந்தியாவில் பரவலாகப் பயிராகும் 'சுவர்ணா' நெல். 'சுவர்ணா சப்-1' இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நம் பக்கத்தில் ஆந்திரா பொன்னி என்று பலர் அழைக்கும் சம்பா மசூரிக்கும் சப்-1 ரகம் வந்தது. வங்கதேசத்திலும் இந்தோனேசியாவிலும் அவரவர் நெல்லுக்குள் அதே குணத்தைப் புகுத்தினார்கள்.

இதில் ஒரு சந்தேகத்தை நீக்கிவிட வேண்டும். இது வேற்று உயிரின் மரபணுவை ஊசி போட்டு நுழைக்கும் முறையல்ல. நெல்லுக்கும் நெல்லுக்கும் மகரந்தம் சேர்த்துப் பிறந்த நெல்தான் இது. ஆராய்ச்சிக் கூடம் செய்ததெல்லாம் பொறுக்கும் வேலை.

குளிர் தேசத்திலும் இதே வித்தை

நமக்கு வெள்ளம் எப்படியோ, வட தேசங்களுக்குக் குளிர் அப்படி. கோதுமையும் நெல்லும் பூக்கிற பருவத்தில் கடுங்குளிர் அடித்தால் கதிர் முழுதும் பதராகிவிடும். 1993-ஆம் ஆண்டு ஜப்பானில் கோடையே வராததுபோல் குளிர் நீடித்தது. நெல் பொய்த்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்காமல் பெருமை பேசிய தேசம், தாய்லாந்திலிருந்தும் வேறு தேசங்களிலிருந்தும் அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது.

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில், குளிர் தாங்கும் நெல்லுக்காக விஞ்ஞானிகள் வெகு காலம் உழைத்தார்கள். அவர்களுக்கு வேண்டிய குணம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பூமத்திய ரேகை ஓடும் இந்தோனேசியாவிலிருந்து! 'சிலேவா' என்னும் அந்நாட்டு நெல்லில் குளிரிலும் பதராகாத குணம் இருந்தது. அதைத் தங்கள் நெல்லுக்குள் கொண்டுவந்து, அந்தக் குணம் சுருளில் எங்கே இருக்கிறது என்று அடையாளங்களைக் கொண்டு தேடிக் கண்டார்கள். 2015-ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள், குளிரை உணர்ந்து பயிருக்கு அறிவிக்கும் இன்னொரு மரபணுவைக் கண்டதாக வெளியிட்டார்கள்.

ஹொக்கைடோவின் குளிருக்கு மருந்து இந்தோனேசியாவில் இருந்தது. தென்பெண்ணையின் வெள்ளத்துக்கு மருந்து ஒடிசாவில் இருந்தது. இரண்டிலும் ஒரே பாடம்: மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் பிறக்கவில்லை, யாரோ ஒரு குடியானவர் விடாமல் விதைத்து வந்த வயலில் இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்ததே ஆராய்ச்சி.

தமிழ்நாட்டுக்கு வந்தது

தமிழ்நாட்டுச் சம்பா வயல்களில் 'சி.ஆர். 1009' வெகுவாகப் பழகிய நெல். சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் இதற்குப் பெயர் உண்டு. இட்லிக்கு ஏற்ற மோட்டா அரிசி. ஒடிசாவின் கட்டாக் நகரில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து, 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த ரகம். 1946-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் முதல் தலைவராக இருந்தவர் தமிழ்நாட்டவரான கே. இராமையா என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் அதற்கு முன் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர்.

இந்த நெல்லுக்குள்ளும் சப்-1 குணம் புகுத்தப்பட்டு, 'சி.ஆர். 1009 சப்-1' என்ற பெயரில் தமிழ்நாட்டுக் குடியானவர்களின் கைக்கு வந்திருக்கிறது. வயது சுமார் 150 முதல் 155 நாள். வெள்ளம் வராத வருஷத்தில் பழைய சி.ஆர். 1009 எப்படி விளையுமோ அப்படியே விளையும். பத்து முதல் பதினான்கு நாள் மூழ்கி வடிந்தாலும் பெரும் பகுதி பிழைத்துத் துளிர்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளம் வடிந்ததும் இந்தப் பயிரைப் பார்த்தால் நெஞ்சு உடையும். இலை மஞ்சளாகி, அழுகி, சேறு படிந்து, செத்த பயிர் போலவே இருக்கும். அவசரப்பட்டு ஏரைப் பூட்டிவிடக் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நடுக்குருத்து பச்சையாக எழும்பினால், பயிர் தூக்கம் கலைந்தது என்று அறியலாம். அதன் பிறகு மேலுரம் பற்றி வேளாண்மை அலுவலரைக் கேட்டுச் செய்வது நலம்.

பயம் போனால்

ஒடிசாவின் பத்ரக் மாவட்டத்துக் கிராமங்களில் பொருளாதார நிபுணர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கிராமங்களில் குடியானவர்களுக்குச் சுவர்ணா சப்-1 விதை கொடுத்தார்கள். சில கிராமங்களில் கொடுக்கவில்லை. 2011-ஆம் ஆண்டு வெள்ளம் வந்தது. பயிர் ஒன்று முதல் இரண்டு வாரம் மூழ்கிய வயல்களில், புது விதைக்கும் பழைய விதைக்கும் இடையே விளைச்சலில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. முடிவு 2013-ல் வெளியாயிற்று.

அதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு ஒன்றும் உண்டு. எந்த ஊரிலும் மேட்டு நிலம் வசதி உள்ளவரிடம் இருக்கும். பள்ளத்து நிலம் இல்லாதவரிடம் வந்து சேரும். ஒடிசாவிலும் வெள்ளம் தேங்கும் நிலங்களில் பட்டியல் சாதி மக்களின் பங்கு அதிகமாக இருந்தது. ஆகவே வெள்ளம் தாங்கும் விதையால் அதிகப் பயன் அடையக் கூடியவர்களும் அவர்களே. ஒரு விதை ஏழையை நாடிப் போவது அபூர்வம். இந்த விதை அப்படிப் போனது.

2016-ல் வெளியான அடுத்த ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டியது. இந்த விதை கிடைத்தவர்கள் வெள்ளம் வராத வருஷத்திலும் முன்னைவிட நன்றாக வெள்ளாமை செய்தார்கள். தூவி விதைத்தவர்கள் நாற்று விட்டு நட்டார்கள். உரம் கூடுதலாகப் போட்டார்கள். விதையில் அப்படி மாற்றம் ஒன்றும் இல்லை. மாறியது மனம். 'எப்படியும் வெள்ளம் கொண்டு போகப் போகிறது' என்று எண்ணுகிறவர் நிலத்துக்குக் கை நிறையச் செலவு செய்ய மாட்டார். அந்தப் பயம் போனதும் கை தாராளமாயிற்று. இல்லாதவன் நிலத்தில் குறைவாகப் போடுவது சோம்பலால் அல்ல, பயத்தால் என்பது இதனால் விளங்கும்.

கவசம் அல்ல

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இனி வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த விதை செய்யாதவையும் உண்டு.

விதைத்த உடனே வயல் மூழ்கினால் இது முளைக்க உதவாது. முளைக்கும் பருவத்து வெள்ளத்தைத் தாங்குவது வேறு குணம். மியான்மர் நாட்டு நெல் ஒன்றிலிருந்து அதை எடுத்துச் சேர்க்கும் ஆராய்ச்சி நடந்து வருகிறது. பூக்கும்போதோ கதிர் முற்றிய பிறகோ வெள்ளம் வந்தாலும் இது காப்பாற்றாது. இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீர் தேங்கினால் ஒடுங்கிக் கிடந்த பயிரும் சாகும். இடுப்பளவு தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் பள்ளத்துக்கு இது ஏற்றதல்ல. அங்கே தண்ணீரோடு போட்டியிட்டு உயரும் நெல்தான் வேண்டும். ஆறு உடைத்து மணலை வாரி வயலில் கொட்டினால் எந்த விதையும் ஒன்றும் செய்ய முடியாது.

வயதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மாத நெல் இது. முன்னதாகவே தண்ணீர் கிடைத்து, ஆவணியில் நாற்று விடக் கூடிய வயலுக்கு இது பொருந்தும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிய பிறகே ஏர் பூட்டும் வயலுக்கு ஐந்து மாத நெல் போட்டால், கடைசித் தண்ணீருக்குப் பங்குனியில் தவிக்க நேரும். முகையூர்ப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஆற்றோரத்துப் பள்ளக்கால் வயலுக்கு ஒரு விதை, ஏரிக்குக் கீழ் உள்ள கழனிக்கு ஒரு விதை என்று பிரித்துப் போடுவதே புத்திசாலித்தனம். முழு நிலத்துக்கும் ஒரே விதை என்பது, எல்லாப் பணத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பிரயாணம் போவதைப் போன்றது.

பழைய விதையையும் விடக் கூடாது

இந்தக் கதை முழுவதும் ஒரு பழைய நெல்லில் தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. தாலபுட்டியாவை ஒடிசா மக்கள் கைவிட்டிருந்தால், உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேர் கூடியும் சப்-1 குணத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியுமா?

தமிழ்நாட்டிலும் வெள்ளத்துக்குப் பேர்போன நெல்கள் உண்டு. யானை நுழைந்தால் தெரியாத உயரம் வளரும் என்று சொல்லப்படும் காட்டுயானம் ஒன்று. மடுமுழுங்கி என்று பெயரிலேயே கதை சொல்லும் நெல் ஒன்று. ஏரி உள்வாய்களில் விதைக்கப்பட்ட சம்பா மோசனம் ஒன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர் ஊராக அலைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளை மீட்டு மறுபடி விதைக்க வைத்த 'நெல்' ஜெயராமன் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அவர் திரட்டிக் கொடுத்த ஒரு படி விதைக்குள் நாளைக்கு எந்த ஆபத்துக்கான மருந்து ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

புது விதையைக் காப்பதும் குடியானவர் கையிலேயே இருக்கிறது. சப்-1 நெல் வீரிய ஒட்டு ரகம் அல்ல. இந்த வருஷம் விளைந்ததிலிருந்து நல்ல கதிராகப் பொறுக்கி, கலப்பில்லாமல் காய வைத்து எடுத்து வைத்தால், அடுத்த வருஷமும் அதே குணம் வரும். விளைந்ததை விதையாக வைத்துக்கொள்ளவும் அண்டை அயலாரோடு மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் வெள்ளம் தாங்கும் நெல்லும் தாங்காத நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதல் விதையை மட்டும் சான்று அட்டை பார்த்து, நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும். ஏமாந்தால் தெரிய வருவது வெள்ளம் வடிந்த பிறகுதான்.

விதை ஒரு பாதி. வாய்க்கால் மறு பாதி. பதினான்கு நாள் தாங்கும் நெல்லுக்குப் பதினான்காம் நாளுக்குள் வடிகால் வேண்டும். தூர்ந்துபோன வடிகாலும் உடைந்த மதகும் இருக்கும் ஊரில் இருபது நாள் தண்ணீர் நின்றால், விஞ்ஞானம் கொடுத்த அவகாசம் வீணாகிவிடும். ஏரிக் கரையையும் வடிகாலையும் புரட்டாசிக்குள் சீர் செய்வது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்டு நிற்பது ஊராரின் கடமை.

வெள்ளம் இனியும் வரும். தென்பெண்ணை கார்த்திகையில் பெருகுவதை எந்த மரபணுவும் தடுக்காது. வாசற்படியில் அந்தக் கேள்வியும் எழும். நுனி தெரியவில்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சரியான வயலில் சரியான விதையைப் போட்டு, வடிகாலையும் வெட்டி வைத்த வீட்டில் அதோடு பேச்சு நின்றுவிடாது.

"நுனி தெரியலை. ஒரு வாரம் பொறு, பாக்கலாம்" என்று சொல்ல முடியும். உலையும் ஏறும்.